மேட்டுப்பாளையம் பட்டறையில் எங்கள் பத்மினி: இன்ஜினும் கரன்ட் வேலையும் எப்படி இருந்தது?

பாண்டிச்சேரியில் பழைய கார் வைத்திருக்கிற யாரைச் சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: இன்ஜின் வேலைக்கும் வயரிங் வேலைக்கும் நம்பி யாரிடம் விடுவது? டிங்கரிங், பெயின்ட் செய்ய நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துக் கொடுப்பார்கள், ஆனால் போனட்டைத் திறந்தால் உள்ளே டேப் சுற்றிய வயரும் ஒழுகுகிற ஆயிலும் அப்படியே இருக்கும். அதற்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் லாரி முனையத்தைத் தாண்டி, தொழிற்பேட்டையின் பின்பக்கத்தில் ஒரு தகர ஷெட். வாசலில் போர்டு கிடையாது, பட்டறைக்குப் பெயரும் கிடையாது. இன்ஜின் பார்ப்பவர் அறுபதைத் தாண்டிய ஒரு அண்ணன், வயரிங் பார்ப்பது அவருடைய தங்கை மகன். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் வண்டியில் செய்த வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் செலவு செய்யப் போகிறவர்களுக்கு விவரம்தான் உதவும்.

வண்டி 1978 மாடல் பிரிமியர் பத்மினி. தாய்மாமா வாங்கியது, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் ஒரே நீளமான சீட், 1089 சிசி இன்ஜின். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ரெயின்போ நகரில் எங்கள் தெருவில் தண்ணீர் வண்டியின் சீட் வரைக்கும் ஏறி நின்றது. வடிந்ததும் வேறொரு இடத்தில் விட்டோம். அங்கே ஆயிலை மாற்றி, செல்ஃப் மோட்டாரைக் காயவைத்து, வயர்களை அங்கங்கே வெட்டி ஒட்டி வண்டியை ஓடவைத்துக் கொடுத்தார்கள். ஓடியது, அவ்வளவுதான். ராத்திரியில் ஹெட்லைட் மஞ்சளாக எரியும், ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மங்கும், ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) டைனமோ லைட், அதாவது பேட்டரிக்கு சார்ஜ் போகவில்லை என்று காட்டுகிற லைட், அணையாது, பின்னால் நீலப் புகை. அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறுவதற்கு இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் வண்டியை அண்ணனிடம் கொண்டுபோனோம். நான் போன மற்ற இடங்களில் எல்லாம் போனட்டைத் திறந்த கையோடு "இன்ஜின் போச்சு சார், இறக்கிடலாம்" என்று சொல்லி ஒரு தொகையையும் சொல்லிவிடுவார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியின் மேல் வைத்தார், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று அளக்கிற கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டராக மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். முதல் சிலிண்டரில் 112 பி.எஸ்.ஐ., இரண்டாவதில் 84, மூன்றாவதில் 110, நாலாவதில் 78. சாக்பீஸால் ஏர் ஃபில்டர் மேலேயே எழுதினார். அப்புறம் குறைந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது 108-க்கு ஏறியது, நாலாவது அசையவே இல்லை.

"பாத்தீங்களா தம்பி, ஆயில் விட்டதும் ஏறிச்சுன்னா ரிங்குல அடைக்குது, அப்போ ரிங் தேஞ்சிருக்கு. இது ஏறல, அப்போ காத்து வால்வு பக்கமா போவுது. ரெண்டுக்கும் வேற வேற வைத்தியம்" என்றார். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தப் பழைய வண்டிக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள், இது என் உறுதியான கருத்து.

அடுத்தது வோல்ட் மீட்டர். மருமகன்தான் செய்தார். பேட்டரி நெகட்டிவ்வில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் ஒரு முனை, செல்ஃப் அடிக்கும்போது மீட்டரில் 1.1 வோல்ட். அதாவது செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய கரன்ட், பேட்டரியை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கிற எர்த் வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அரை வோல்ட்டைத் தாண்டினாலே கெட்டதுதான். பிறகு ஹெட்லைட். பேட்டரியில் 12.5, பல்பு ஹோல்டரில் 10.2. ஃபிலமென்ட் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும், இங்கே இருக்கிற குறைவுக்கு வெளிச்சம் பாதியாகிவிட்டது. புது பல்பு, விலை கூடிய பல்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோமே, கோளாறு பல்பில் இல்லவே இல்லை.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்கக் காரணம் இதுதான்: அளந்து பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. தொட்டால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரித்தான் தொடுகிறார்கள்.

இந்த இரண்டாவது விஷயம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலேயே பெரிய விவாதம் நடந்தது. மாமா "இந்த இன்ஜினத் தூக்கிப் போட்டுட்டு மாருதி இன்ஜின் வைச்சிடுடா, ஏசியும் போட்டுக்கலாம்" என்று பிடிவாதமாக இருந்தார். அப்படிச் செய்த பத்மினிகள் தமிழ்நாட்டில் நிறைய ஓடுகின்றன, சில நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை "விஏ" என்ற எழுத்துகள் உள்ள தனி நம்பரில் பதியலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2028-ல் ஐம்பது ஆகிறது. இப்போது இன்ஜினைத் தூக்கிப் போட்டால் அந்தக் கதவை நாமே சாத்திக்கொள்கிறோம். அண்ணன் இதையெல்லாம் மாமாவிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "இன்ஜின் இதேதான் இருக்கட்டும் சார். சுத்தி இருக்கறத மாத்துவோம், நட்டு போல்ட்டக் கழட்டினா பழசு திரும்பி வந்துடணும்" என்றார். மாமா அரை மனதோடு சரி என்றார். இன்றைக்கு அவர்தான் வண்டியை அதிகம் ஓட்டுகிறார்.

விண்டேஜ் பதிவு வாங்கினால் வண்டியை தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது என்று சில காரணங்களுக்குத்தான் எடுக்கலாம்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். ஃபியட் 1100-லிருந்து வந்த இன்ஜின் இது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், 68 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், அதிலிருந்து புஷ் ராடு வழியாக ராக்கர். எளிமையான இன்ஜின், அதனாலேயே கை போகிற போக்கில் வேலை செய்கிறவர்களிடம் மாட்டிக் கெட்டுப்போகிறது. ஹெட்டைக் கழற்றிய அன்றைக்கு நான் பார்த்த ஒரு காட்சி என்னை அங்கேயே நம்ப வைத்துவிட்டது. ஒரு செருப்புப் பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே பேனாவால் நம்பர் எழுதி, புஷ் ராடுகளைக் கழற்றக் கழற்ற அதனதன் ஓட்டையில் செருகிக்கொண்டே போனார்கள். முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் உண்டு. இத்தனை வருடம் ஒன்றோடொன்று உரசிப் பழகிய உலோகம் தன் ஜோடியோடுதான் திரும்பச் சேர வேண்டும், இடம் மாறினால் தேய்மானம் புதிதாக ஆரம்பிக்கும். டேப்பெட்டுகளுக்கும் அப்படியே, முட்டை அட்டையில் வரிசை. பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை, இதைச் செய்ய மனசு வேண்டும்.

போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே, குறுக்காக என்று அளந்து ஒரு நோட்டில் எழுதினார். இரண்டாவது சிலிண்டரில் மேலுக்கும் கீழுக்கும் 0.12 மி.மீ. வித்தியாசம், மேல் விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு வரம்பு. ரிங் மட்டும் மாற்றினால் கொஞ்ச காலத்தில் மறுபடி புகை வரும் என்று சொல்லி, போர் பண்ணி (சிலிண்டரைச் சமமாகக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். கிராங்கை அளந்துவிட்டு கிரைண்டிங் வேண்டாம், பாலிஷ் போதும் என்றார். கிரைண்டிங் செய்திருந்தால் அவருக்கு லேத்தில் பில் கூடியிருக்கும், யாரும் கேட்கப் போவதுமில்லை. மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் புதுசு. ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துகிற ஃபேசிங் லேசாக, நாலாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது, அதற்குப் புது வால்வு, எல்லாவற்றுக்கும் புது கைடு, சீட் வெட்டி, வால்வு அதில் காற்றுப் புகாமல் உட்காருகிற மாதிரி தேய்த்து லேப்பிங். மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் ஹெட் ஏறியது. முடித்த பிறகு எடுத்த கம்ப்ரஷன் நாலிலும் 124-க்கும் 128-க்கும் நடுவில்.

உதிரிபாகம்தான் தலைவலி. பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது, மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது. பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், பழைய சாமான்கள் புதுப்பேட்டையிலும் கிடைத்தன. சிலது மும்பையிலிருந்து பார்சலில் வந்தது. அண்ணன் சொல்கிற பாகத்தை நீங்களே வாங்கி வந்தாலும் அவர் மறுப்பதில்லை, ஆனால் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். நான் வாங்கி வந்த முதல் வால்வு கைடு செட்டை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்.

கூலிங் பக்கத்தில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் ஓடுகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற வால்வு) இருக்காது என்று நினைக்கிறேன், "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு" என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியிலும் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் இன்ஜின் சூடேற வேண்டிய அளவுக்குச் சூடேறாமல் ரொம்ப நேரம் ஓடும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கும், தேய்மானம் கூடும், மைலேஜும் போகும். வண்டி கொதிக்கிறதென்றால் ரேடியேட்டர் அடைப்போ வாட்டர் பாடியோதான் (தண்ணீரைச் சுற்றவைக்கிற பம்ப்) பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைக்கிற கதை. இங்கே ரேடியேட்டர் கோர் புதிதாகப் போட்டு, வாட்டர் பாடிக்கு பேரிங், சீல் மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் திரும்ப வைத்தார்கள்.

இனி வயரிங். என் பார்வையில் இந்தப் பட்டறையின் உண்மையான பலம் இங்கேதான்.

கடற்கரை ஊரில் வயரிங் கெடுவதற்கு வெள்ளம்கூட வேண்டாம், உப்புக் காற்றே போதும். செம்பில் களிம்பு ஏறும், அது வயருக்குள் இன்சுலேஷனுக்கு அடியில் வெளியே தெரியாமல் பரவும். மருமகன் பழைய வயர் ஒன்றின் முனையை வெட்டி உரித்துக் காட்டினார், உள்ளே பச்சை. இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டினார், அங்கேயும் கருப்பு. டேஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பாக்ஸில், அசலாக இருக்க வேண்டிய வெள்ளை நிற 8 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இடங்களில் இல்லை, பதிலுக்குச் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தின் கைங்கரியம். வயரில் எங்காவது ஷார்ட் ஆனால் எரிய வேண்டியது ஃப்யூஸ். கம்பி வைத்தால் வயரிங் முழுக்க எரியும், கூடவே வண்டியும். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

ஒட்டுப் போடுகிற பேச்சே வேண்டாம் என்று முழு வயரிங் செட்டையும் புதிதாகக் கட்டினார்கள். ஒரு பிளைவுட் பலகையில் பழைய செட்டை விரித்து, வளைகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்து, அதே வழியில் புது வயர்களை ஓட்டி, அதே நிறங்களில், அதே நீளத்தில். வயர் வெள்ளீயப் பூச்சு உள்ள செம்பு வயர், விலை கூடத்தான், நம் ஊர்க் காற்றுக்கு அது தேவை. முனைகளில் ஈயப் பற்று வைக்கவில்லை, லக் வைத்து கிரிம்ப் பண்ணி மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய். ஈயம் ஏறிய வயர் அந்த இடத்தில் கம்பி மாதிரி விறைத்து, வண்டி அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறிந்துவிடும் என்பது அவருடைய காரணம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

எர்த் பாயின்ட்டுகளுக்கு அவர் செலவழித்த நேரத்தைப் பார்த்து முதலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹெட்லைட்டுக்குப் பின்னால், டிக்கியில், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற பட்டை வயரில் என்று ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிகிற வரை எடுத்து, பல் வைத்த வாஷர் போட்டு, நட்டை முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். கண்ணுக்குத் தெரியாத வேலை. முடிந்ததும் அதே மீட்டர், அதே இரண்டு இடம்: செல்ஃப் அடிக்கும்போது 1.1 வோல்ட் இருந்தது 0.15-க்கு வந்துவிட்டது. செல்ஃப் மோட்டாரை மாற்றவில்லை, ஆர்மேச்சரைத் துடைத்து கார்பன் பிரஷ் மாற்றியதோடு சரி, ஆனால் இப்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிற வேகமே வேறு.

ஹெட்லைட்டுக்கு ரிலே. அசல் பத்மினியில் ஹெட்லைட் கரன்ட் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச், டிம் டிப் லீவர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் பல்புக்குப் போகிறது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர், அதை அந்தக் காலத்துச் சின்னச் சின்ன காண்டாக்டுகள் சுமந்துகொண்டிருந்தன. ரிலே வைத்தால் அந்த சுவிட்சுகளில் ஆம்பியரில் சின்னப் பங்குதான் ஓடும், பெரிய கரன்ட் பேட்டரி பக்கத்திலிருந்து தடித்த வயரில் ஃப்யூஸ் வழியாக நேரே பல்புக்குப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. செலவு மிகக் குறைவு, வித்தியாசம் மிக அதிகம், பழைய வண்டியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 100 வாட் பல்பு போடலாமா என்று கேட்டதற்கு மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. ரிஃப்ளெக்டர் சூட்டில் கெடும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசும் என்றார். எல்.இ.டி.யும் வேண்டாம், இந்த ரிஃப்ளெக்டர் அதற்கு வார்த்தது கிடையாது, வெளிச்சம் கண்டபடி சிதறும் என்றார். 60/55 வாட் எச்4 பல்புதான். கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில் தாண்டி இருட்டில் ஓட்டிப் பார்த்தேன், அது போதும்.

அப்புறம் டைனமோ. பழைய டைனமோ நன்றாக இருந்தாலும் தருவது 20 ஆம்பியர் வட்டாரம்தான், அதுவும் வேகத்தில், ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ஹெட்லைட் 10, வைப்பர், டெயில் லைட், இக்னிஷன் எல்லாம் கூட்டினால் மழை ராத்திரியில் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ராஜீவ் காந்தி சிக்னலில் வெயிலில் நிற்கும்போது சூடேறாமல் இருக்க எலக்ட்ரிக் ஃபேன் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன், அதற்கு இன்னும் 8 ஆம்பியர் வேண்டும். அதனால் முதலில் டைனமோவுக்குப் பதிலாக, ஐடிலிங்கிலும் சார்ஜ் தருகிற ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் ஃபேன் என்று வரிசையை அவர்களே சொன்னார்கள். மாருதி 800 ஆல்டர்னேட்டரை, பிளாக்கில் ஒரு ஓட்டைகூடப் போடாமல், பழைய டைனமோ போல்ட்டுகளிலேயே உட்காருகிற மாதிரி லேத்தில் பிராக்கெட் செய்து மாட்டினார்கள். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஐடிலிங்கிலும் 13.5-க்குக் கீழே இறங்குவதில்லை. டேஷ்போர்டின் சார்ஜ் லைட்டை அப்படியே இதற்கு இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பு போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தார்கள், ஆல்டர்னேட்டர் கிளம்புவதற்குத் தேவையான முதல் கரன்ட் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. கழற்றிய டைனமோ, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கட் அவுட், பிராக்கெட், போல்ட் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி சாக்கில் கட்டி என் கையில் கொடுத்தார்கள். 2028-ல் அசல்படி வேண்டுமென்றால் அரை நாள் வேலை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தொடக்ககால அம்பாசடர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பலதில் பாசிட்டிவ் எர்த், பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பிளஸ் முனை. அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடுகள் அந்த நிமிடமே போய்விடும். ஃபியட்டில் அந்தத் தொல்லை இல்லை.

இக்னிஷனில் மட்டும் அண்ணனுக்கும் மருமகனுக்கும் கருத்து வேறுபாடு, இரண்டு பேரும் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். மருமகன், பிளக்கில் பொறி வரவைக்கிற பழைய பாயின்ட், கன்டென்சருக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போடலாம், அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டாம், ஸ்டார்ட்டிங் சுலபம் என்றார். "ராத்திரி திண்டிவனத்துல நின்னுட்டா அந்தக் கிட்ட எவன்டா சரி பண்ணுவான்? பாயின்ட்டுன்னா உப்புத்தாள் போதும்" என்றார் அண்ணன். கடைசியில் கிட் போட்டோம், பாயின்ட்டும் கன்டென்சரும் பிளேட்டோடு சேர்த்து எண்ணெய்த்தாளில் சுற்றி டிக்கியில் இருக்கிறது, இரண்டு ஸ்க்ரூவில் மாற்றிவிடலாம். எப்படி மாற்றுவது என்று எனக்கும் மாமாவுக்கும் செய்து காட்டினார்கள்.

பெட்ரோல் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 1978-ல் போட்ட ரப்பர் ஓஸ், ஏசி பம்ப் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப்) டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்தவை கிடையாது. ஊறும், விரிசல் விடும், ஒழுகும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், வண்டி நின்றுகொண்டே இருந்தால் டேங்கின் உள்ளே துரு. டேங்கை இறக்கிச் சுத்தம் செய்து, ஓஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றி, பம்புக்குப் புது டயஃப்ரம் போட்டார்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஓட்டையான ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவையில் பெட்ரோல் பற்றாமல் போகும். அதனால் சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக்கி, ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை ஓட்டிவிட்டு அங்கேயே ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்கட் நிறம். வெள்ளையாக இருந்திருந்தால் இன்னும் மாற்ற வேண்டியிருக்கும்.

குறைகள் உண்டு. முதல் குறை நேரம். சொன்ன தேதியை முற்றிலும் மறந்துவிடுங்கள். பொங்கலுக்கு முன்னால் தருவதாகச் சொன்ன வண்டி கையில் கிடைத்தபோது அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது. லேத் தாமதம், பார்சல் தாமதம் எல்லாம் உண்மைதான், ஆனால் அதை நாமே போய்க் கேட்டால்தான் தெரியும், போனை எடுப்பதில்லை. வண்டியை விட்டவர்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம் என்று நேரிலேயே கேட்டேன், சிரித்தார்கள், மாறவில்லை. இரண்டாவது, முன்கூட்டி எழுத்தில் எஸ்டிமேட் தருவதில்லை. அளந்து பார்த்த பிறகு வாய்வழியாக ஒரு கணக்கு சொல்கிறார்கள், நடுவில் ஏதாவது கூடினால் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள், இருந்தாலும் இவ்வளவு பணம் போகிற வேலைக்கு ஒரு தாள் வேண்டும். மூன்றாவது, பெட்ரோல் முள் இன்னும் பொய் சொல்கிறது, அரை டேங்க் இருக்கும்போதே காலி என்று காட்டும். மூன்று தடவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. மழைக்கு ஷெட்டின் ஒரு மூலை ஒழுகும், வண்டியை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு: சாமான், லேத், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஒட்டி வந்தது. இதில் இன்ஜினுக்கு முக்கால் பங்கு. வயரிங் செட்டுக்குக் கூலியாக வாங்கியது, அவர்கள் அதற்குக் கொடுத்த உழைப்பைப் பார்த்தால் குறைவு என்றுதான் சொல்வேன். வண்டியோடு ஒரு வயரிங் படம் தந்தார்கள், மருமகன் கையால் வரைந்து, நிறங்கள் எழுதி, லேமினேட் பண்ணியது. எந்த ரிலே எங்கே, எந்த ஃப்யூஸ் எதற்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. இனி இந்த வண்டியை எந்த ஊரில் எந்த எலக்ட்ரீஷியன் தொட்டாலும் குருட்டுத்தனமாகத் தேட வேண்டியதில்லை. பெரிய ஷோரூம்களில்கூட இப்படி ஒன்றை யாரும் எனக்குத் தந்ததில்லை.

வண்டி இப்போது எப்படி ஓடுகிறது? அரும்பார்த்தபுரம் மேம்பாலம் மூன்றாவது கியரில் ஏறுகிறது. காலையில் சோக் இழுத்து ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. புகை இல்லை. சிதம்பரம் போய் வந்தோம், மதிய வெயில், உள்ளே நாலு பேர், டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. வேகத்துக்காக யாரும் பத்மினி வைத்திருப்பதில்லை, 70 கி.மீ.யில் அது தன் இயல்பான ஓசையோடு போகும், அதற்கு மேல் விரட்டினால் அதற்கும் நமக்கும் சுகமில்லை. ரன்னிங் இன் முடிந்து 500 கி.மீ.யில் ஹெட் போல்ட் மறுபடி முறுக்கி, டேப்பெட் செட்டிங் பார்த்துக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்பு. ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் இரண்டு பேரும் இருப்பார்கள். மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் டீக்கடையில் "பழைய ஃபியட் பாக்கிற அண்ணன்" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு பார்க்கிறார்கள், டீசல் எடுப்பதில்லை, பெயின்ட் வேலை இல்லை. வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, டோ பண்ணிக் கொண்டுபோங்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஆர்.சி. நகலும் இன்ஜின் நம்பரும் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். முன்பணம் கொடுக்கும்போது நீங்களே ஒரு நோட்டில் வேலைகளை எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டார்.